அண்டநூலும் அந்தத்தைச் செய்யும் ஆதியும்

(சுந்தரபாண்டியபுரத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இச்சுந்தரபாண்டியபுரத்து வயல்வெளியிலே தைத்திங்கள் அமாவாசையின் முன்னிரவில் நின்று வடமேற்கு வானத்தை உற்று நோக்குவார்க்கு, மங்கிய புகைத்துளி போன்றதோர் ஒளி புலப்படும். அஃது ஆண்ட்ரோமெடா என்னும் விண்மீன் மண்டலம். இன்று நாம் காணும் அவ்வொளி ஆண்டிருந்து புறப்பட்டு ஏறத்தாழ 25 இலட்சம் ஆண்டுகள் ஆயின. நம் கதிரவனோ, 10,000 கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்களுள் ஒன்றாய், பால்வழி மண்டலத்தின் நடுவினின்று ஏறத்தாழ 26,000 ஒளியாண்டுத் தொலைவில் நின்று சுழல்வது. பல்கலைக்கழகம் புகும் நம் பிள்ளைகள் இவற்றைத் தொடக்கத்திலேயே பயில்கின்றனர்.

அங்ஙனம் பயின்ற பிள்ளையொருவன் ஊருக்கு மீண்டு, "இத்துணைப் பெரிய உலகத்தில் நம் குற்றாலத்துச் சித்திரசபை எம்மட்டு?" என வினவுவானாயின், யாது விடை கூறுவோம்? "இவையெல்லாம் மேனாட்டார் கற்பனை" என்று இகழ்வாரும் உளர், "இவை யாவும் நம் முன்னோர் கண்டனவே, திருவண்டப்பகுதியைப் பார்" என்று பெருமிதங் கொள்வாரும் உளர். இரண்டும் வழுவே. அவற்றுள்ளும் பின்னையது பெருங்கேடு பயப்பது. மணிவாசகப்பெருமான் எண்ணிறந்த அண்டங்களைக் கூறியருளியது அவற்றின் தொகை சொல்லுதற்கன்று. அவையனைத்தையுங் கடந்து நின்ற இறைவனது பெருமையை உணர்த்துதற்கேயாம். அத்திருவாக்கைத் தொலைநோக்கியின் முடிவோடு பிணைத்தல் அதனைச் சிறுமைப்படுத்துவதாகும்.

இதற்குப் பிறர் வரலாறொன்று நமக்கு நல்லறிவு கொளுத்தும். அண்டம் விரிகின்றதென்பதை 1927-இல் கணித வாயிலாகக் கூறியவர் பெல்சிய நாட்டு லெமெய்த்தர். அவர் ஒரு கத்தோலிக்கக் குருவுமாவர். தொலைவிலுள்ள மண்டலங்கள் தொலைவுக்கேற்ற விரைவொடு விலகுவதை ஹப்பிள் 1929-இல் அளந்து காட்டினார். 1951-இல் அச்சமயத் தலைவராகிய போப்பாண்டவர், இக்கொள்கை தம் வேதத்துப் படைப்புக்குச் சான்றாதல் போலப் பேசினார். லெமெய்த்தர் அதனை விரும்பினாரல்லர். தம் கொள்கை சமயவினாக்களுக்குப் புறம்பானது என்றே நின்றார். அவ்வடக்கம் நமக்கும் வேண்டும். அண்டத்தின் அகவை இன்று ஏறத்தாழ 1380 கோடி ஆண்டென்பர். அதன்கண் நாமறிந்த பருப்பொருள் நூற்றுக்கு ஐந்தளவே என்றும், எஞ்சியவற்றின் இயல்பு விளங்கவில்லை என்றும் அவரே கூறுவர். நாளை திருத்தம் பெறற்குரிய எண்ணோடு அருளாளர் திருவாக்கைக் கட்டிவிடின், எண் மாறுங்கால் பிள்ளை ஐயுறுவது திருவாக்கையன்றோ?

அற்றேல், அண்டநூலாற் சைவர்க்குப் பயனின்றோ எனின், பெரிதும் உண்டு. மெய்கண்டதேவர் முதற்சூத்திரத்தில் இறைவனை நிறுவியது உலகின் அளவு கொண்டன்று, இயல்பு கொண்டேயாம். உறுப்புடையதாய், அறிவற்றதாய், மாறுவதாய் உள்ள உலகம் தோன்றி நின்று ஒடுங்குவது. ஒடுங்கியதே மீளத் தோன்றும். ஆகலின் ஒடுக்குவோனே முதல்வன். உலகம் என்றும் இவ்வாறே உள்ளது, முழுதும் ஒருங்கே ஒடுங்குதல் இல்லை என்பர் மீமாஞ்சகர். விண்மீன்களும் மண்டலங்களும் ஒரு காலத்துத் தோன்றி மாறிவருவன என்று அளந்து காட்டும் அண்டநூல், 'என்றும் இவ்வாறே' என்னும் கூற்றைத் தளர்த்துகின்றது. இதற்குமேல் அதனிடம் வேண்டற்க. விரிவின் தொடக்கத்தை இல்லாமையினின்று வந்த படைப்பு என்று கொள்வதும் நம் கொள்கையன்று, இல்லது தோன்றாது, மாயையே உலகுக்கு முதற்காரணம்.

சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930-இல் தம் பத்தொன்பதாம் அகவையில் இங்கிலாந்துக்குக் கப்பலேறிச் செல்லுங்கால், எரிந்து தணிந்த விண்மீன் தாங்கும் நிறைக்கு ஓர் எல்லை உண்டெனக் கணக்கிட்டார். அவ்வெல்லை கதிரவன் நிறையில் ஏறத்தாழ 1.4 மடங்கெனப் பின்னர் உறுதிப்பட்டது. 1983-இல் நோபெல் பரிசும் அவரை அடைந்தது. அருகிலுள்ள மீனின் பொருளை ஈர்த்து அவ்வெல்லையை நெருங்கும் வெண்குறுமீன் வெடித்துச் சிதறுதலுண்டு. அவ்வகை வெடிப்பின் ஒளிவலிமை கணித்தறியத் தக்கதாகலின், அதனையே அளவுகோலாகக் கொண்டு, அண்டத்தின் விரிவு மேன்மேலும் விரைகின்றதென 1998-இல் இரு குழுவினர் கண்டனர். அவ்வெடிப்புகள் விண்ணிற் பரப்பிய இரும்பே நம் குருதியிலும் பெரும்பங்கு உள்ளது. ஒரு மீனின் முடிவு, அண்டத்தை அளக்கும் கோலும் ஆயிற்று. நம் உடம்புக்குப் பொருளும் ஆயிற்று. இதனைச் சங்காரத்தொழிலுக்கு நேர்ச்சான்றென்று கொள்ளற்க; சந்திரசேகர் தம்மைக் கடவுட்கொள்கையினர் என்று கூறிக்கொண்டவருமல்லர். ஒடுக்கம் வெறும் அழிவன்று என்பதனை நெஞ்சிற் பதிக்கும் எடுத்துக்காட்டாக மாத்திரம் கொள்க.

இனி, அப்பிள்ளையின் வினாவுக்கு விடை கூறுவாம். ஆண்ட்ரோமெடா தன்னையும் அறியாது, உன்னையும் அறியாது. இவ்வயல்வரப்பில் நின்று அதனை அறிகின்றவன் நீ. சடம் எத்துணை விரிந்தாலும் சடமே. சித்து எத்துணை எளிய உடம்பில் உறையினும் சித்தே. கண் தானே காணாது, ஒளியின் துணைகொண்டு காண்பது போல, நின் உயிரும் திருவருளின் துணைகொண்டே அறிகின்றது. ஆகவே பெருமையைத் தொலைவால் அளவாதே. எங்கும் நிறைந்தோன் சுவரிலெழுதிய ஓவியமாய்ச் சித்திரசபையில் ஆடிநிற்பது, அவன் சிறியனாதலாலன்று. நம் சிறுகண்ணுக்கு இரங்கியதாலேயாம்.

அன்பர்களே! பிள்ளைகள் அண்டநூலை ஐயமறக் கற்கட்டும்; நம்பொருட்டு அதனைத் திரித்துரைக்க வேண்டா. அளந்தவன் யார், அவனுக்கு அறிவை விளக்கிய ஒளி யாது என்னும் வினாவை மாத்திரம் நாம் அவர்க்கு அன்போடு கற்பிப்போமாக.

திருச்சிற்றம்பலம்.