மாறியும் மாறாத வண்டி

ஆயுத பூஜை தினத்தில் புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தின் வழியே விழுப்புரம் சாலையில் செல்லும்போது, பட்டறை வாசல்களில் கழுவித் துடைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டு, மாலை சூட்டி நிறுத்தப்பட்டிருக்கும் வாகனங்களின் வரிசையில் வயது முதிர்ந்த புல்லட் ஒன்று கண்ணில் படுவதுண்டு. அத்தகைய வண்டியை உடையவர், 'இது எங்கள் தகப்பனார் ஓட்டிய வண்டி' என்று பெருமிதத்தோடு சொல்வார். அதன் பூர்வோத்தரத்தை விசாரித்தாலோ, பிஸ்டன் பலமுறை மாறியிருக்கும். சிலிண்டருக்கு லேத் பட்டறையில் போர் போட்டிருப்பார்கள். சக்கரக் கம்பிகள், சைலன்ஸர், இருக்கை, டாங்கியின் வர்ணம் யாவும் புதியனவாக இருக்கும். தகப்பனாரின் கை பட்ட உலோகம் இதில் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்று கணக்குப் பார்க்கப் புகுந்தால், மகனுடைய வாக்கு உண்மைதானா, அல்லது அன்பு கற்பித்த மயக்கமா என்னும் சந்தேகம் எழாமற் போகாது.

இந்தச் சந்தேகம் ஒரு வண்டியோடு நின்றுவிடுவதும் அன்று. புல்லட் என்னும் பெயரை இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்ட் நிறுவனம் 1932-ஆம் ஆண்டில் தன் மோட்டார் சைக்கிளுக்கு இட்டது. நாம் இன்று அறிந்த உருவம் இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பின் வந்தது. இந்திய இராணுவம் 350 சி.சி. புல்லட்டுகளைத் தருவித்துக்கொண்டதன் பயனாக, 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தாரும் ரெட்டிச்சாரும் கூடி என்ஃபீல்ட் இந்தியாவை நிறுவினர். முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த உறுப்புக்களைத் திருவொற்றியூரில் பூட்டினார்கள். பின்னர் அச்சுக் கருவிகளே கடல் கடந்து வந்தன. நாளடைவில் ஒவ்வோர் உறுப்பும் இங்கேயே வார்க்கப்பட்டது. 1970-ஆம் ஆண்டளவில் தாய் நிறுவனத்தின் உற்பத்தி இங்கிலாந்தில் நின்றுபோயிற்று. 1977-இலோ திருவொற்றியூர் வண்டி இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயிற்று. ஆங்கில தேசத்தில் சரீரம் நீத்த ஒரு பொருள் சென்னையில் உயிர் தரித்திருந்து தன் பிறந்தகத்திற்குத் திரும்பிச் சென்றபோது, சென்றது பழைய புல்லட்டா, வேறொன்றா?

நம் தரிசனங்கள் இவ்வினாவை நெடுங்காலம் ஆராய்ந்திருக்கின்றன. மிலிந்த மன்னனிடம் பௌத்த பிக்ஷு நாகசேனர் தேரைக் காட்டி, அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று ஒவ்வொன்றாக வினவி, உறுப்புக்களின் கூட்டத்திற்கு நாம் இட்ட வியவகாரப் பெயரே தேர் என்று நிலைநாட்டியது 'மிலிந்த பன்ஹா' என்னும் பாலி நூலில் உள்ளது. நியாய வைசேஷிகர் இதற்கு உடன்படார். அவயவங்களினின்றும் வேறான அவயவி என்னும் முழுப்பொருள் மெய்யாகவே உண்டு என்பர். ஆனால் ஓர் அவயவம் நீங்கினும் பழைய அவயவி அழிந்து புதியது தோன்றுகிறது என்றும் அவர்கள் கூறுவதால், பிஸ்டனை மாற்றிய அன்றே தகப்பனாரின் வண்டி மறைந்துவிட்டதென்று முடியும். சமணரோ, தோன்றுதல், அழிதல், நிலைத்திருத்தல் என்னும் மூன்றும் ஒரு பொருளுக்கு ஏக காலத்தில் உரியன என்று கூறி, மாற்றத்திற்கும் நிலைபேற்றிற்கும் ஒருங்கே இடம் தருகின்றனர். நாகசேனரும் தேரோடு நிற்கவில்லை. இரவெல்லாம் எரியும் விளக்கின் முதற்சாமச் சுடரும் கடைச்சாமச் சுடரும் ஒன்றுமல்ல, வேறுமல்ல என்றும், அவற்றை இணைப்பது இடையறாத தொடர்ச்சியே என்றும் அவர் காட்டினார்.

அத்தொடர்ச்சி எதனால் உண்டாகிறது? இதற்கு விடை தேட நூல்களைப் புரட்டுவதைக் காட்டிலும் நம் கோயில்களை நோக்குவதே எளிது. ரெட்டியார்பாளையத்திற்கு மேற்கே வில்லியனூரில் திருக்காமீசுவரர் ஆலயம் இருக்கிறது. இத்தகைய பழங்கோயில்களில் ஜீர்ணோத்தாரணம் செய்யும்போது, முதலில் பாலாலயம் அமைத்து, தெய்வ சாந்நித்தியத்தை அங்கே ஆவாகனம் செய்துவிட்டுத்தான் பழுதுற்ற பகுதிகளைக் களைந்து திருப்பணி நடத்துகிறார்கள். சுதை புதிதாகும், வர்ணம் புதிதாகும், இற்றுப்போன கல்லும் மாறும். ஆயினும் கும்பாபிஷேகம் முடிந்து சந்நிதியில் நிற்கும் அடியவர் எவரும் இது வேறு கோயில் என்று எண்ணுவதில்லை. ஏனெனில் வழிபாடு ஒரு நாளும் நின்றுபோகவில்லை. கோயில் எதற்காக நின்றதோ அந்தக் கர்த்தவ்யம் பாலாலயத்தில் தங்கியிருந்து மீண்டும் தன் இடம் சேர்ந்தது. ஒரு பொருளின் தன்மையைக் காப்பது அதன் தர்மமும், அந்தத் தர்மத்தை வழிவழியாகப் பெற்றுவரும் மனிதர்களின் பரம்பரையுமே என்பது இதனால் விளங்கும்.

பழைய புல்லட்டுக்கும் அத்தகைய பரம்பரை ஒன்று உண்டு. கிக்கரை மெல்ல அழுத்தி, ஆம்பியர் மீட்டரின் முள் நடுவுக்குத் திரும்பும் தருணம் பார்த்து, டீகம்ப்ரஷரைப் பிடித்துப் பிஸ்டனைச் சற்றே கடத்திவிட்டு, பின் ஒரே மிதியில் உயிர்ப்பிப்பதை ஒருவர் காட்ட ஒருவர் கற்கிறார். வலப்புறம் கியர் வைத்த வண்டியில் பழகிய காலும், வால்வின் தட்டொலி கேட்டே அளவு தவறியதை அறியும் மெக்கானிக்கின் செவியும் இவ்விதம் வந்தவையே. பாயிண்ட் இடைவெளியைச் சரிசெய்யும் விரல்கள் ஒரு தலைமுறையிலிருந்து மறு தலைமுறைக்கு வந்து சேரும் வரையில், அந்த வண்டி தகப்பனாரின் வண்டியே என்று சொல்ல மகனுக்கு முழு உரிமை உண்டு.

அப்படியாயின், ஆதி உறுப்பு ஒன்றும் மாறலாகாதென்று வண்டியைப் பூட்டிவைக்கும் சேகரிப்பாளரைப் பற்றி என்ன சொல்வது? உலோகத்தை அவர் காக்கிறார் என்பதையும், அந்தச் சாட்சி இல்லையேல் சரித்திரத்திற்கு ஆதாரம் இல்லை என்பதையும் நன்றியோடு ஒப்புக்கொள்ள வேண்டும். 2021-இல் மத்திய அரசு பிறப்பித்த விதிகளும், ஐம்பது ஆண்டு கடந்து ஆதி அமைப்புக் குலையாத வாகனங்களைப் புராதன வாகனங்களாகப் பதிய வழி செய்து, அவ்வாறு பதிந்தவற்றை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டலாகாது என்று விலக்கின. எனினும் ஓடுவதற்கென்று பிறந்த ஒன்று ஒருபோதும் ஓடாதிருக்குமாயின், அதன் சரீரம் மட்டுமே காக்கப்படுகிறது. நியமம் இடங்கொடுக்கும் அணிவகுப்புகளிலாவது அதைச் சாலைக்குக் கொணர்வது உடையவரின் கடமை.

எதிர்த் துருவத்தில், பழைய வண்டியைத் தம் விருப்பம்போல் அறுத்து இணைத்துப் புதுக்கோலம் செய்வோரும் இருக்கின்றனர். இவர்களைப் பழிப்பதற்கு நான் உடன்படேன். இங்கிலாந்திலேயே டிரையம்ப் இஞ்சினை நார்ட்டன் சட்டத்தில் பொருத்திய இளைஞர்கள் அதை டிரையம்ப் என்றோ நார்ட்டன் என்றோ அழைக்காமல் டிரைட்டன் என்றார்கள். இரு பெற்றோரையும் அப்பெயரே அறிவித்தது. மாற்றத்தில் குற்றம் இல்லை, மறைப்பதிலேதான் குற்றம். திருவொற்றியூரில் வார்த்ததை ரெட்டிச்சில் பிறந்ததென்று முத்திரை மாற்றி விற்பதும், சேஸ் எண்ணைத் திருத்துவதும் சட்டத்திற்கு மட்டுமன்றிச் சத்தியத்திற்கும் விரோதமான செயல்கள். சென்னை வண்டிக்கு அந்தப் பொய் தேவையும் இல்லை. நார்ட்டன் என்னும் பெயரையே 2020-இல் நம் டி.வி.எஸ். நிறுவனம் வாங்கியிருக்க, ஆங்கிலேய மோட்டார் சைக்கிளின் சம்பிரதாயத்தை ஏந்தி நிற்கும் கைகளில் தமிழ்நாட்டின் கைகளும் சேர்ந்துவிட்டன.

ஆகவே பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். எந்த உறுப்பை எந்த ஆண்டில், யார் கையால் மாற்றினீர்கள் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி, ஆர்.சி. புத்தகத்தோடு சேர்த்து வையுங்கள். வண்டியை இயன்ற வரை ஓட்டுங்கள். உங்கள் மெக்கானிக்கின் வித்தையை இளைஞர் ஒருவருக்கேனும் கற்பிக்கச் செய்யுங்கள். பிஸ்டன் தேய்ந்தால் வேறு பிஸ்டன் வார்க்கலாம். அதைப் பொருத்தத் தெரிந்த கை அற்றுப்போனால் வண்டியும் அன்றோடு அற்றுப்போகும்.