செவியில் பெற்ற அமானிதம்

காதில் விழுந்த ஓர் ஓசை எப்போது நம்முடையதாகிறது? கேட்ட அந்தக் கணத்திலா? மனத்துக்குள் அது மீண்டும் ஒலிக்கும்போதா? அல்லது நம் நாவோ விரலோ பிறர் கேட்க அதை வெளியிடும்போதா? இசைவாணர்க்கு மட்டுமே உரிய வினாப் போலத் தோன்றினும், ஆழ்ந்து நோக்கின் இஃது அறத்தைப் பற்றிய வினாவே ஆகும்.

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி செல்லும் சாலையில் உள்ளது கீழ்பென்னாத்தூர். தெருக்கூத்து வேரூன்றிய வட்டாரம் அது. விடிய விடியக் கூத்துப் பார்த்த சிறுவன் மறுநாள் ஆடு மேய்க்கையில் அந்தப் பாட்டை முணுமுணுக்கிறான். மெட்டு அவன் உள்ளத்தில் பிசகாமல் ஒலிக்கிறது. தொண்டைக்கு வரும்போதோ சுருதி விலகிவிடுகிறது. நம் இல்லங்களிலும் இதே நிலைதான். 2015இல் மறைந்த இசைமுரசு நாகூர் ஈ. எம். ஹனீபாவின் குரலைக் கண்ணை மூடிய மாத்திரத்தில் உள்ளத்தில் கேட்கக்கூடியவர் நம்மில் பலர். அவ்வாறு பாடக்கூடியவர் எத்தனை பேர்?

இந்த இடைவெளியை மூளை எவ்வாறு கடக்கிறது? ஒலியைக் கேட்கும்போது இயங்கும் மூளைப் பகுதிகளுள் பல, அதனைக் கற்பனை செய்யும்போதும் இயங்குகின்றன. அவற்றுக்கும் உடலசைவைத் திட்டமிடும் பகுதிகளுக்கும் இடையே நரம்பிழைகள் பாலமிட்டுள்ளன. தேர்ந்த பியானோக் கலைஞர் தாம் பயின்ற பாடலைக் கேட்டவாறு வாளா அமர்ந்திருக்கும்போதே, விரல்களை இயக்கும் பகுதி அவர் மூளையில் விழித்துக்கொள்கிறது.

1995இல் வெளியான ஆய்வொன்றில், பியானோ அறியாத சிலர் நாளொன்றுக்கு 2 மணி நேரம் வீதம் 5 நாட்கள், ஒரு விரற்பயிற்சியை மனத்தால் மட்டுமே செய்தனர். விரலால் பயின்றோரைப் போன்றே இவர்கள் மூளையிலும் விரல்களுக்குரிய பகுதி விரிந்திருந்தது. ஆயினும் வாசிப்பின் செம்மையில் இவர்கள் பின்தங்கியே இருந்தனர். பிறகு ஒரே ஒருமுறை 2 மணி நேரம் விரலால் பயின்றதும் அக்குறை நீங்கிற்று. எண்ணம் பாதையை வெட்டுகிறது. நடந்தால்தான் ஊர் போய்ச் சேரலாம். எழுந்த ஒலியை, எண்ணிய ஒலியோடு ஒப்பிட்டு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்வதையே நம் முன்னோர் சாதகம் என்றனர்.

நாகசுரத்தை எண்ணிப் பாருங்கள். விரலால் இயக்குவதற்கு 7 துளைகளே உள்ளன. சுரங்களுக்கிடையே உள்ள நுட்பங்களை மூச்சும், சீவாளியைப் பற்றும் உதடும், பாதி மூடிய விரலுமே பிறப்பிக்க வேண்டும். உள்ளத்தில் முன்னமே ஒலிக்காத ஒன்று அந்தக் கருவியில் எழாது. 1924இல் ஆந்திரத்துக் கரவதியில், வழிவழியாக நாகசுரம் வாசித்த முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர் ஷேக் சின்ன மௌலானா சாகிப். திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் தஞ்சைப் பாணி அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. கவர்ந்ததோடு அவர் நின்றுவிடவில்லை. நாச்சியார்கோயில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் மாணவராக அமர்ந்து அதனைப் பயின்றார். பின்னர்த் திருவரங்கத்தில் குடியேறி, 1977இல் பத்மஸ்ரீ விருதும் 1998இல் சங்கீத கலாநிதி விருதும் பெற்றார். 1999இல் மறைந்தார். அந்த இசை யாருடையது? செவி பெற்றது பிறரிடமிருந்து; கை பெற்றது தம் உழைப்பால். இரண்டையும் மறவாதவனே கலைஞன்.

மதரசாவில் குர்ஆனை மனனம் செய்யும் பிள்ளையும் இவ்வழியே செல்கிறது. ஓதுதல் இசையன்று, அதன் மாண்பு வேறு. ஆயினும் உஸ்தாதின் ஒலி செவியில் புகுந்து, நெஞ்சில் தங்கி, பிழை திருத்தப்பட்டு, நாவில் நிலைபெறும் முறை ஒன்றேயன்றோ?

ஆகவே கேட்பது வெறுஞ்செயலன்று. கேட்கும்போதே நம்முள் ஓர் ஆயத்தம் தொடங்கிவிடுகிறது. நம் மக்களின் செவிகளுக்கு எதைக் கொடுக்கிறோம் என்பதில் பெற்றோராகிய நமக்குப் பொறுப்புண்டு. அதனினும் பெரிய பொறுப்பு ஒன்று உளது. வாய்மையையும் ஈகையையும் பற்றிய நல்லுரைகளை ஆண்டாண்டாகக் கேட்டு வருகிறோம். அவை உள்ளத்தில் இனிமையாகவே ஒலிக்கின்றன. அவ்வொலியே அறம் என்று மயங்கிவிடுகிறோம். ஒருநாள் இரப்பவன் வாசலில் நிற்கும்போது கை நீளத் தயங்குகிறது. பயிலாத கை எவ்வாறு நீளும்?

செவியில் பெற்றது அமானிதம். அதனைப் பூட்டி வைப்பதற்காக நமக்குத் தரவில்லை. நாவிலும் கையிலும் பயின்று, உரியவர்க்குச் சேர்ப்பிக்கும்போதே அக்கடன் தீரும்.