அப்பாயி பேர் என்ன?

(ஆடி அமாவாசை மாலையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

இன்று காலை திருவையாற்றில் புஷ்ய மண்டபப் படித்துறையில் இருந்தேன். கால் வைக்க இடமில்லாத கூட்டம். எனக்குப் பக்கத்தில் ஒருவர், ஐம்பது வயதிருக்கும், தர்ப்பணத்துக்கு உட்கார்ந்திருந்தார். புரோகிதர் "அப்பா பேரு?" என்றார். சொன்னார். "தாத்தா பேரு?" சொன்னார். "தாத்தாவோட அப்பா?" கொஞ்சம் யோசித்து அதையும் சொல்லிவிட்டார். "அப்பாவைப் பெத்த பாட்டி பேரு?" அங்கே நின்றுவிட்டார். "நாங்க அப்பாயின்னுதாங்க கூப்பிடுவோம்" என்றார். கையில் எள் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, பெயர் இல்லை. அந்த அப்பாயி மடியில் வளர்ந்தவராம். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது அவருக்கு.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் அந்த இடத்தில் நின்றவன்.

தர்ப்பணத்தில் அப்பா வழியில் மூன்று தலைமுறை, அம்மா வழியில் மூன்று தலைமுறை, ஆணும் பெண்ணுமாகப் பன்னிரண்டு பேரைக் கூப்பிடுகிறோம். அப்பா வசு ரூபம், தாத்தா ருத்திர ரூபம், கொள்ளுத்தாத்தா ஆதித்திய ரூபம் என்று சாஸ்திரம் வைத்திருக்கிறது. நாளைக்கு நான் போய்ச் சேர்ந்து என் மகன் உட்காரும்போது எல்லோரும் ஒரு படி ஏறுவோம். நான் வசு, என் அப்பா ருத்திரர், என் தாத்தா ஆதித்தியர். இன்றைக்கு நான் பேர் சொல்லி அழைக்கிற கொள்ளுத்தாத்தாவை அன்றைக்கு யாரும் பேர் சொல்லி அழைக்கப் போவதில்லை. வாய் காப்பாற்றுவது அவ்வளவு தூரம்தான். அதற்கு மேலே வேண்டுமென்றால் எழுதி வைத்தால்தான் உண்டு.

பேரன் என்ற சொல்லைப் பாருங்கள். பெயரன் என்பதுதான் பேரன் ஆயிற்று. பாட்டன் பெயரைத் தாங்குகிறவன். எழுதி வைப்பதும் நமக்குப் புதிதல்ல. ஹரித்வாரிலும் கயையிலும் பண்டாக்கள் என்ற தீர்த்தப் புரோகிதர்கள் நீள நீளமான ஏடுகளை வைத்திருக்கிறார்கள். குடும்பத்தையும் ஊரையும் சொன்னால், எத்தனையோ வருஷத்துக்கு முன் உங்கள் முப்பாட்டன் யார் யாரோடு வந்து போனார் என்று எடுத்துக் காட்டுவார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? செட்டிநாட்டில் நகரத்தார் இதைக் கோவிலோடு கட்டி வைத்திருக்கிறார்கள். இளையாற்றங்குடி, பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி என்று அவர்களுக்கு ஒன்பது கோவில். கல்யாணம் என்றால் அவரவர் கோவிலிலிருந்து மாலை வர வேண்டும். கல்யாணம் அங்கே பதிவாக வேண்டும். மணமான தம்பதி கோவில் கணக்கில் ஒரு 'புள்ளி'. வம்சம் சுவாமியின் கணக்குப் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது.

இப்படி எந்தக் கோவில் கணக்கும் இல்லாமல் போனவர்களும் இருக்கிறார்கள். 1860-இல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் புறப்பட்டு நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடைந்தது. அது தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக டர்பன் இருக்கும் நேட்டாலுக்குப் போனார்கள். பெரும்பாலோர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள், தமிழர்களும் தெலுங்கர்களும். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள மச்சம், தழும்பு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள். எழுதிய குமாஸ்தாவுக்கு இவர்கள் வம்சத்தின் மேல் என்ன அக்கறை? தோட்டத்துக்கு ஆள் கணக்கு வேண்டும், அவ்வளவுதான். காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினதில் ஊர்ப் பெயர்கள் உருக்குலைந்து கிடக்கின்றன. ஆனாலும் இன்றைக்கு அவர்களுடைய பேரன் பேத்திகள் பூர்வீகம் தேடுவது அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான். அந்த வரியில் இருக்கிற கிராமத்தைத் தேடி இங்கே வந்து, மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கூலிக் கணக்குக்காக ஒரு அந்நியன் எழுதிய எழுத்து அது. நம் வீட்டுப் பெரியவர்களை நாம் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறோமா?

தேடினால் வீட்டிலேயே கிடைக்கும். பழைய நிலப் பத்திரத்தில் 'இன்னார் மகன் இன்னார்' என்று இரண்டு தலைமுறை இருக்கும். மொய் நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். யார் எந்த ஊரிலிருந்து என்ன முறையில் வந்தார்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி கிடையாது. ஜாதகக் கட்டு, கல்யாணப் பத்திரிகை, போட்டோவின் முதுகில் பென்சிலால் எழுதிய தேதி, எல்லாமே பேசும். குலதெய்வம் எந்த ஊர், அங்கே எந்தப் பங்காளிகள் கூடுகிறார்கள் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.

ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். இது 'நாங்கள் இன்ன வம்சமாக்கும்' என்று மார் தட்ட அல்ல. பித்ரு கடன் என்றுதானே பெயர், கடன்காரனுக்கு ஏது பெருமை? சில வீட்டு வம்ச வரிசையைப் பார்க்கிறேன், வேறு ஜாதியில் கல்யாணம் செய்துகொண்ட மகள் இல்லை, வீட்டை விட்டுப் போன சித்தப்பா இல்லை, பிறந்து மூன்றாம் மாதம் போன குழந்தை இல்லை. மகாளயத்தில் காருண்ய பித்ருக்கள் என்று அத்தை, மாமா, அண்ணன், தம்பி, குரு, சிநேகிதன் வரைக்கும் அழைத்துத் தண்ணீர் விடச் சொன்னது சாஸ்திரம். சாஸ்திரம் சேர்த்தவர்களை நாம் அடித்து எழுதலாமா?

பெண்கள் பெயர்தான் முதலில் தொலைகிறது. பத்திரத்தில் அவர்கள் பெயர் அபூர்வம். வீட்டிலும் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் சிலர்தான். என் கொள்ளுப்பாட்டி பெயர் எனக்கும் தெரியாமல் இருந்தது. எங்கள் அத்தையிடம் போய் உட்கார்ந்தேன். அப்போது அவருக்கு எண்பத்தாறு வயது. "பேரு ஞாபகம் இல்லையேப்பா" என்றார். சரி, அவர் எப்படி இருப்பார் என்று கேட்டேன். சிவப்பு, குட்டை, புளி கொட்டை எடுக்கும்போது ஏதாவது பாடிக்கொண்டே இருப்பார் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், "பரண்ல ஒரு தவலை கிடக்கும் பாரு. அது அவங்க சீரா கொண்டுவந்தது" என்றார்.

ஏறி இறக்கினேன். பச்சைக் களிம்பு பிடித்துக் கிடந்தது. அத்தை புளி கரைத்துக் கொடுத்தார். தேய்க்கத் தேய்க்கக் கழுத்துப் பக்கம் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தது தெரிந்தது. இன்று காலை காவிரியில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் எள்ளும் தண்ணீரும் விட்டேன்.