நகலின் உட்புறம்

1949இல் வோக் பேட்டர்ன் நிறுவனம் துணிச்சலான ஒரு வியாபாரத்தில் இறங்கியது. பாரிஸின் பெயர்பெற்ற உடையகங்களிடம் உரிமை வாங்கி, அவற்றின் மாதிரிகளைக் காகிதப் பேட்டர்ன்களாக அச்சிட்டு, வீட்டில் தையல் எந்திரம் வைத்திருப்பவர்களுக்கு விற்றது. பால்மான், ஜாக் ஃபாத், லான்வான், ஸ்கியாபரெல்லி என்று முதல் வரிசையிலேயே எட்டுப் பெயர்கள். அதுவரை பணக்காரச் சீமாட்டிகள் பாரிஸுக்குக் கப்பலேறிப் போய், பலமுறை நின்று அளவு கொடுத்து வாங்கிய கவுனை, இனி உள்ளூர்க் கடையில் துணி எடுத்து எவரும் தைக்கலாம் என்றாயிற்று. தைத்து முடித்தபின் உட்புறம் வைத்துத் தைத்துக்கொள்ள, பெயர் நெய்த ஒரு சிறு லேபிளும் பேட்டர்னோடு கிடைத்தது. வேடிக்கைதான். கற்பனை பாரிஸ்காரருடையது, துணியும் உழைப்பும் தன்னுடையவை, லேபிளை நிறுவனம் கொடுக்கிறது, அதையும் ஊசி எடுத்துத் தானே தைத்துக்கொள்ள வேண்டும். அந்த உடை பால்மானுடையதா, தைத்தவருடையதா? பெரிய டிசைனர்களின் உடைகளைப் பார்த்துத் தன் அலமாரியைத் தானே தைத்து நிரப்பிக்கொள்கிறவர் எல்லோர் முன்னும் இன்றும் இந்தக் கேள்வி நிற்கிறது. அவருக்குக் கிடைப்பது என்ன என்பதில் எனக்கு ஒரு கட்சி உண்டு. முதலில் கிடைப்பது அறிவு. ஆடை அதற்குப் பின்னால் வருவது. ஓர் உடை ஏன் நன்றாக நிற்கிறது, ஏன் நிற்கவில்லை என்று பிறர் வாயைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லும் தகுதியைக் கடையில் வாங்க முடியாது. அது நகல் எடுத்துத் தைக்கும் கைக்குத்தான் வரும்.

நகல் என்றால் எல்லாம் ஒரே ரகம் இல்லை. 1965இல் ஈவ் செயின்ட் லாரன்ட் வெளியிட்ட மோந்திரியான் கவுனை எடுத்துக்கொள்வோம். டச்சு ஓவியர் பியட் மோந்திரியானின் கட்டங்களும் கறுப்புக் கோடுகளும் கையில்லாத நேரான ஒரு கவுனில் ஏறியிருக்கும். தள்ளி நின்று பார்த்தால் துணியில் அச்சடித்த படம் என்றே தோன்றும். கிட்டே போனால் கதை வேறு. ஒவ்வொரு வண்ணக் கட்டமும் தனித்தனியாக வெட்டிய கம்பளி ஜெர்சித் துண்டு. கறுப்புப் பட்டைகளும் அப்படியே. மார்புக்கு இடம் கொடுக்க டார்ட் பிடித்தாக வேண்டுமே, அது எங்கே என்று தேடினால் கண்ணில் படாது. உடலின் வளைவுக்குத் தேவையான அத்தனையையும் அந்த நேர்கோடுகளின் தையலுக்குள்ளேயே மறைத்துவிட்டார். ஓவியம் தட்டையாகவே தெரிகிறது, உள்ளே உடல் இருக்கிறது. அந்தக் கவுனின் புகழ் பரவியதும் மலிவு நகல்கள் சந்தையில் குவிந்தன. கோடும் கட்டமும் தெரிந்தால் போதும் என்பது அந்த வியாபாரிகளின் கணக்கு; அவர்கள் எடுத்தது மேல்தோற்றத்தின் நகல். ஆனால் அதே உடைக்கு வோக் வெளியிட்ட 1557ஆம் எண் பேட்டர்னை வாங்கி வீட்டில் தைத்தவருக்கு அந்தக் குறுக்குவழி இல்லை. துண்டு துண்டாக வெட்டி, மூலைகள் ஒன்றோடொன்று பொருந்துமாறு இணைத்து, எந்தத் தையல் கோட்டில் நேரே போகாமல் ஒரு நூல் அளவு விலக வேண்டும் என்று கவனித்தால்தான் உடை உடலில் அமரும். மறைத்துவைத்த சூட்சுமத்தை அவர் கையால் தொட்டாக வேண்டும். அச்சடித்த நகலைப் போட்டுக்கொள்கிறவர் அப்படி ஒன்று இருப்பதையே அறியமாட்டார்.

இதைவிடத் தெளிவான சாட்சி ஷனேல் ஜாக்கெட். பதினைந்து ஆண்டுகள் மூடிக்கிடந்த தன் உடையகத்தை 1954இல், எழுபது வயதில், மறுபடி திறந்தார் கோகோ ஷனேல். அதன்பின் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது இந்தக் காலர் இல்லாத ட்வீட் ஜாக்கெட். வெளியே பார்த்தால் சாதாரணம்: நேரான முன்பகுதி, ஓரத்தில் பின்னல் நாடா, நான்கு பை. வீட்டில் தைக்கும் கலையில் தேர்ந்தவர்கள் இதைத் தங்களுக்கு ஒரு பரீட்சை போல வைத்துக்கொள்வது ஏன் என்று வெளித்தோற்றத்தை வைத்துச் சொல்லவே முடியாது. இழை தளர்ந்து நெய்த ட்வீட் தொட்டால் பிரியும். அதற்கு வடிவம் கொடுக்க வழக்கமான கோட்டைப் போல உள்ளே கேன்வாஸ் வைத்தால் விறைத்துப்போகும். ஷனேல் கண்ட வழி, பட்டு லைனிங்கையே தாங்கியாக ஆக்குவது. ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக லைனிங்கோடு சேர்த்து, வரிவரியாக எந்திரத் தையல் ஓட்டிவிடுவார்கள். ஓரங்களை மட்டும் தைக்காமல் விட்டு, ட்வீட்டோடு ட்வீட்டை எந்திரத்தில் இணைத்து, பிறகு லைனிங்கின் ஓரங்களைக் கையூசியால் மூடுவார்கள். அதனால் ஜாக்கெட் ஸ்வெட்டரைப்போல மெத்தென்று இருக்கும், வடிவமும் குலையாது. கீழ்விளிம்பின் உட்புறத்தில் ஒரு மெல்லிய சங்கிலி தைத்திருக்கும். அது அலங்காரம் இல்லை. இவ்வளவு இலேசான உடை மேலே சுருண்டு ஏறாமல் நேராகத் தொங்க அதன் கனம் வேண்டும். ஆர்ம்ஹோலை அக்குளுக்கு நெருக்கமாக உயர்த்தி வெட்டியிருப்பதால் கையைத் தூக்கினாலும் உடல்பகுதி கூடவே எழும்பாது. இதை நம் ஊரில் விளக்கத் தேவையில்லை. கை தூக்கினால் பிளவுஸ் மேலே ஏறுகிறது என்று டெய்லரிடம் சண்டை போடாத வீடு உண்டா? அந்தச் சண்டைக்கான பதில் ஆர்ம்ஹோலின் உயரத்தில் இருக்கிறது என்று தெரியாமலேதான் பெரும்பாலோர் சண்டை போடுகிறோம். ஒரு ஷனேல் ஜாக்கெட்டை வாரக்கணக்கில் உட்கார்ந்து தைத்தவருக்கு அது தெரியும். அடுத்து அவர் தைக்கும் சாதாரணக் காட்டன் சட்டையிலும் அந்தத் தெளிவு கூடவே வரும்.

இது திருட்டு இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். உடையின் வெட்டுக்குக் காப்புரிமை கொடுப்பதில் நாடுகளே ஒன்றுபடவில்லை: பிரான்ஸ் பாதுகாக்கிறது, அமெரிக்கா உடையைப் பயன்பாட்டுப் பொருளாகக் கருதி வெட்டை விட்டுவிடுகிறது. சட்டத்தைத் தள்ளிவைத்து நியாயத்தை மட்டும் பார்த்தாலும் கோடு எங்கே விழுகிறது என்பது எனக்குத் தெளிவு. விற்பதற்காக நகல் எடுப்பதும் பொய் லேபிள் ஒட்டுவதும் திருட்டு. தனக்கென்று ஒன்று தைத்துக்கொள்வது பாடம் படிப்பது. மோந்திரியான் கவுனே 1944இல் இறந்துபோன ஓர் ஓவியரிடமிருந்து வந்ததுதானே? நகலை எதிர்த்துக் கடுமையாகப் போராடியவர் மதலென் வியோனே. துணியைக் கிராஸாக வெட்டி உடல்மேல் வழியவிடுவதில் அவருக்கு நிகர் இல்லை. தன் உடைகளின் லேபிளில் கட்டைவிரல் ரேகையைப் பதித்தார். ஒவ்வொரு மாதிரியையும் பல பக்கங்களிலிருந்து புகைப்படம் எடுத்து, உரிமைக்குச் சான்றாக ஆல்பங்களில் சேர்த்துவைத்தார். 1952இல் அந்த ஆல்பங்களையும் ஏராளமான உடைகளையும் பிரான்சின் உடைக்கலைச் சங்கத்துக்கே கொடுத்துவிட்டார். திருடனைப் பிடிக்க எடுத்த படங்களில் இன்று மாணவர்கள் பாடம் படிக்கிறார்கள். 1998இல் பெட்டி கிர்க் வியோனேயைப் பற்றி எழுதிய நூலில் உடைகளின் பேட்டர்ன்களே வரைந்து தரப்பட்டிருக்கின்றன. அண்மையிலும் அப்படி ஒன்று நடந்தது. 2020இல் பாடகர் ஹாரி ஸ்டைல்ஸ் அணிந்த ஜே. டபிள்யூ. ஆண்டர்சன் கார்டிகனைப் பார்த்து ஆயிரக்கணக்கானோர் தாங்களே பின்னத் தொடங்கினார்கள். நிறுவனம் வழக்குப் போடவில்லை, பின்னல் முறையையே இலவசமாக வெளியிட்டது. ஊசி பிடித்துத் தனக்கே பின்னிக்கொள்கிறவர் தங்கள் வாடிக்கையாளரைக் களவாடவில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இன்னும் கூர்மையான ஆட்சேபம் வேறொன்று. தானே தைத்தாலும் ஆசையைத் தூண்டியவர்கள் பாரிஸ்காரர்கள்தானே. காசு மிச்சமானதே தவிர அடிமைத்தனம் போகவில்லையே என்பது. ஆசை அங்கிருந்து வந்ததை மறுக்க மாட்டேன். ஆனால் படத்தைப் பார்த்து வந்த ஆசையும் துணியைக் கையில் பிடித்தபின் மிஞ்சும் ஆசையும் வேறு வேறு. படத்தில் இருப்பவள் நெடுநெடுவென்று வளர்ந்த மாடல். உடை அவளுக்கென்றே ஊசிகுத்திப் பிடித்துவைக்கப்பட்டது. தைக்கிறவர் தன் தோளையும் வயிற்றையும் டேப் வைத்து அளந்தாக வேண்டும். நல்ல துணியில் கத்தரி வைக்குமுன் மலிவான காடாத் துணியில் ஒரு வெள்ளோட்டம் பார்க்க வேண்டும். பாரிஸ் உடையகங்களும் இதையேதான் செய்கின்றன. அந்தக் காடாவைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றதோடு செத்துப்போகும் ஆசைகள் ஏராளம். சில நூறு ரூபாயோடு தீர்ந்தது. மிஞ்சியவை மாறுகின்றன: கழுத்தின் ஆழம் குறையும், கை நீளும், இடுப்பு இறங்கும். அப்படி மாற்றி முடித்த உடையில் டிசைனரின் கட்டளை எவ்வளவு பாக்கி இருக்கும்? கடையில் வாங்குகிறவர் தன் உடம்பை உடைக்கு ஏற்பக் குறைத்துக்கொள்ளப் பார்க்கிறார். தைக்கிறவர் பென்சிலை எடுத்துக் கோட்டைத் தள்ளிப்போடுகிறார்.

செலவுக் கணக்கில் இந்தக் கட்சி தோற்றுப்போகும், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். துணி விலைக்கே இன்று ரெடிமேட் கிடைக்கிறது. எப்படிக் கிடைக்கிறது என்பதற்கு 2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே இடிந்து விழுந்த ரானா பிளாசா என்ற ஆடைத் தொழிற்சாலைக் கட்டடம் ஒரு பதில். ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்டவர்கள் அதில் செத்தார்கள். அதற்காக, வீட்டில் உட்கார்ந்து தைத்தால் டாக்காவில் கூலி உயரும் என்று சொல்ல நான் வரவில்லை. உயராது. திருப்பூரில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடுவது அந்த ரெடிமேட்தான். மாறுவது பார்வை. துணியை உள்ளே போட்டால் சட்டையாக வந்து விழும் எந்திரம் தொழிற்சாலைகளில் இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. அநேகமாக ஒவ்வொரு தையலையும் ஒரு கைதான் ஊசிக்குக் கீழே தள்ளிக்கொடுக்கிறது. பவர் டேபிளில் உட்கார்ந்து நாள் முழுக்கச் சட்டைக் கை மட்டுமே மூட்டுகிறவருக்கு ஒரு துண்டுக்கு எவ்வளவு நேரம் கிடைத்திருக்கும் என்று, ஒரு காலரோடு ஒரு மாலை முழுக்க மல்லுக்கட்டியவர் ஊகித்துக்கொள்வார். இருநூறு ரூபாய் விலைச்சீட்டு அவர் கண்ணுக்கு வெறும் சந்தோஷமாகப் படாது.

பெண்களைப் பற்றிய இன்னோர் ஆட்சேபமும் உண்டு; அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. தையல் பல தலைமுறைகளாகப் பெண்கள்மேல் சுமத்திய கூலியில்லா வேலை. பிரிட்டனில் 1941 முதல் 1949 வரை துணிக்குப் பங்கீடு இருந்தபோது பழையதைப் பிரித்துத் தைக்கும் கடமை அவர்கள் தலையில்தான் விழுந்தது. தமிழ்நாட்டு அரசு ஏழைப் பெண்களுக்கு இலவசமாகத் தரும் தையல் எந்திரமும் பிழைப்புக்காகத் தருவது. பக்கத்து வீட்டுப் பிளவுஸ்களைத் தைத்துச் சம்பாதிக்கும் பெண்ணிடம் போய் ஷனேல் ஜாக்கெட் தைத்து ஞானம் பெறு என்றால் சிரிப்பாள், சிரிக்க வேண்டியதுதான். நான் சொல்வதெல்லாம் நேரமும் விருப்பமும் இருப்பவருக்கு, ஆணோ பெண்ணோ. கட்டாயம் என்று வந்த இடத்தில் இந்த வாதம் செல்லாது.

எல்லா உடையும் நகல் எடுக்கத் தகுதியானதும் இல்லை. லெசாஜ் பட்டறையின் கைத்தையல் எம்பிராய்டரி ஏறிய கவுனை வீட்டில் முயன்றால் கண்தான் கெடும். டியோர் 1947இல் கொண்டுவந்த பார் ஜாக்கெட், இடுப்புக்குக் கீழே பஞ்சு திணித்து எழுப்பிய ஒரு கட்டடம். பல ஆண்டு கோட் தைத்த கை இல்லாதவர் தள்ளி நின்று ரசிப்பதே மேல். மதிப்பு முழுக்க வெட்டில் இருக்கும் உடைகளே படிப்புக்கு ஏற்றவை. தொடங்க நினைப்பவருக்கு என் சிபாரிசு, முதல் உலகப் போர் முடிந்த கையோடு வியோனே செய்த நான்கு சதுரக் கவுன். நான்கு சதுரத் துணிகளை மூலை மேலே வரத் தொங்கவிட்டால் முக்கால் வேலை முடிந்தது. மற்றதைத் துணியே செய்துகொள்ளும். கிராஸாகத் தொங்குவதால் துணி தானாகக் கொஞ்சம் நீளும். ஆகவே வெட்டியதை ஒரு நாள் முழுக்கத் தொங்கவிட்டு, நீள்வதெல்லாம் நீண்டபிறகுதான் பக்கத் தையல் போட வேண்டும். அந்த ஒரு நாள் பொறுக்க முடியாதவர்கள் ரெடிமேடே எடுத்துக்கொள்ளலாம், குற்றம் ஒன்றும் இல்லை.