பூச்சாண்டி வளர்க்கும் பிள்ளை

சோறு உண்ண மறுக்கிறது குழந்தை, அழைக்கிறோம் பூச்சாண்டியை! பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும். கை கழுவாது உண்டால் வயிற்றிலே பூதம் புகும். தெருவிலே தனியே போனால் பிள்ளை பிடிப்பவன் கோணிப்பையிலே கட்டிக்கொண்டு போவான்! உடல்நலம், பாதுகாப்பு, நல்லொழுக்கம் ஆகிய மூன்று பாடங்களையும் ஒரே ஆசிரியரிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்ந்திருக்கிறோம். அந்த ஆசிரியரின் பெயர் அச்சம். சம்பளம் கேட்காதவர்; சடுதியிலே வேலையை முடிப்பவர். ஆனால், அவரிடம் பயின்ற பிள்ளை பிற்காலத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்பதை ஆராய்ந்தோமா, தோழர்களே?

நெடுஞ்சாலைக்குச் சென்று பார்ப்போம். தலைக்கவசம் வண்டியின் கைப்பிடியிலே ஊசலாடுகிறது. தொலைவிலே காக்கிச் சட்டை தெரிந்ததும் தலைக்கு ஏறுகிறது. காவலரைக் கடந்ததும் கைப்பிடிக்கே திரும்புகிறது! மண்டையைக் காக்க வந்த கவசம், அபராதத்திலிருந்து மடிப்பணத்தைக் காக்கும் கருவியாகிவிட்டது. பூச்சாண்டியிடம் பாடம் கேட்ட பிள்ளைக்கு மீசை முளைத்துவிட்டது. பாடம் மட்டும் மாறவில்லை. ‘இது ஏன் தீது?’ என்று அது கேட்டுப் பழகவில்லை, ‘யார் பார்க்கிறார்?’ என்று கேட்டே பழகிவிட்டது. பார்ப்பவர் இல்லாத இடத்திலே அதற்குப் பாவமும் இல்லை, பயமும் இல்லை. அஞ்சி நடப்பது அடக்கம். அறிந்து நடப்பதே ஒழுக்கம். முன்னதைப் பின்னதென்று எண்ணி ஏமாந்து நிற்கிறோம்.

“மூன்று வயதுப் பிள்ளைக்குக் கிருமியின் இலக்கணம் புரியுமா?” என்று கேட்போர் உண்டு. நல்ல கேள்விதான். அடுப்பை நோக்கி ஓடும் குழந்தையிடம் வாதம் புரிய வேண்டும் என்று நாம் கூறவில்லை. முதலில் தூக்குவோம், பிறகு விளக்குவோம். ஆனால் விளக்கத்தான் வேண்டும்! அளவறிந்து சொல்லும் உண்மை வேறு, அவசரத்துக்குச் சொல்லும் பொய் வேறு. ஒரு பிள்ளையின் உள்ளங்கையிலே சிறிது மஞ்சள் தூளைத் தடவுங்கள். அது தன் தோழர்களோடு கைகுலுக்கட்டும். கதவைத் தொடட்டும், குவளையைத் தொடட்டும். பிறகு எல்லோரும் தத்தம் கைகளைப் பார்க்கட்டும். கண்ணுக்குத் தெரியாதது எவ்வாறு கைமாறுகிறது என்பதைக் காட்டிவிட்டது மஞ்சள். இங்கே பூதத்துக்கு என்ன வேலை?

கற்றறிந்த பெரியோர்க்கே இப்பாடம் எளிதாக ஏறவில்லை என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வியன்னா நகர மருத்துவமனையில், மருத்துவர்கள் பணிபுரிந்த மகப்பேற்றுப் பிரிவில், 1846-இல் நூற்றுக்கு 11 தாய்மார் மாண்டனர். பிணங்களை அறுத்து ஆராய்ந்த கைகளோடு மருத்துவர்கள் பேறுகாலம் பார்க்க வந்ததே காரணம் என்று கண்டார் செம்மல்வைஸ். 1847-இல், குளோரின் கலந்த நீரிலே கை கழுவச் செய்தார். அடுத்த ஆண்டில் சாவு நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்ற அளவுக்குச் சரிந்தது. இருந்தும், கனவான்களின் கைகளா அசுத்தமானவை என்று சீறினர் சிலர்! பட்டமும் பதவியும் கையை வெளுக்கா, கழுவினால்தான் வெளுக்கும்.

இந்த இடத்திலேதான் நம் நாட்டுக்கு மிகத் தேவையான பாடம் காத்திருக்கிறது. அழுக்கு வேறு, தீட்டு வேறு. அழுக்கு எவர் கையிலும் ஒட்டும். சோப்புக்குப் பணிந்து போய்விடும். தீட்டோ பிறப்பைப் பார்த்து ஒட்டுகிறதாம். எந்தச் சோப்புக்கும் கரையாதாம்! ‘அங்கே போகாதே, அவர்களோடு விளையாடாதே, அந்த வீட்டுத் தண்ணீரைத் தொடாதே’ என்று சொல்லிவிட்டு, அதற்குச் ‘சுத்தம்’ என்று பெயரிடும் வீடுகள் இன்னமும் உள்ளன. அங்கே பிள்ளை கற்பது சுகாதாரமன்று, சாதி. கழிவகற்றும் பணியில் மனிதரை இறக்குவதைத் தடுக்க 1993-இல் ஒரு சட்டம், 2013-இல் மற்றொரு சட்டம் வந்தன. தெருவிலே குப்பையை எறிபவரை உயர்ந்தவரென்றும், அதை அள்ளுபவரைத் தாழ்ந்தவரென்றும் பிள்ளைக்குக் காட்டிக்கொண்டே, தூய்மையைப் பற்றிப் போதிப்பது எத்தகைய பொய்!

அச்சத்தால் நோய் அகலுமெனில் பெரியம்மை என்றோ அகன்றிருக்கும். ‘தாய் விளையாடுகிறாள்’ என்று நடுங்கினோம். தாயின் விளையாட்டிலே பிள்ளைகள் மாண்டனர், பிழைத்தவர் சிலர் பார்வையிழந்தனர். 1796-இல் ஜென்னர் காட்டிய அம்மைப்பால் வழியைத் தொடர்ந்து, ஊர் ஊராகச் சென்று குத்தியவர்களின் உழைப்பால், 1975-இல் இந்தியாவிலிருந்து அது விரட்டப்பட்டது. 1980-இல் உலகிலேயே ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது. இளம்பிள்ளை வாதமும், 1995-இல் தொடங்கிய சொட்டு மருந்து இயக்கத்தின் முன் நிற்க முடியாமல், 2014-இல் நம் நாட்டைவிட்டு நீங்கியதாகச் சான்று பெற்றோம். இந்த வரலாற்றைக் கதையாகச் சொன்னால் கேட்காதோ குழந்தை?

இனி, கசப்பான பகுதி. ‘பெரியவர் சொன்னால் எதிர்த்துப் பேசாதே’ என்பதே நற்பண்புகளில் தலையாயது என்று பழக்குகிறோம். தகாத முறையில் தீண்ட வருபவனும் பெரியவனே அன்றோ! அவன் பெரும்பாலும் கோணிப்பை சுமந்து வருவதில்லை. பழகிய முகமாய், ‘மாமா’ என்று அழைக்கப்படுபவனாய் வருகிறான். குழந்தைகளைக் காக்கப் போக்சோ சட்டம் 2012-இல் வந்தது. 1098 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. ஆயினும், ‘வேண்டாம்’ என்று சொல்லவே கற்பிக்கப்படாத நாவுக்கு எந்தச் சட்டம் துணைவரும்? ‘உன் உடல் உன்னுடையது, எவர் தொட்டுத் துன்புறுத்தினாலும் மறுத்துக் கூவு, ஓடிவந்து எங்களிடம் சொல், உன்னைக் கடிந்துகொள்ள மாட்டோம்’ என்று சொல்லிக் கொடுப்பதே பாதுகாப்பு. கேள்வி கேட்கத் தெரியாத பணிவு, கேடனுக்குத் திறந்துவிட்ட கதவு.

எனினும், பிள்ளைக்குப் பாடம் சொல்லிவிட்டதால் நம் கடமை தீர்ந்துவிடாது. 2004 சூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியில் 94 குழந்தைகள் தீக்கு இரையாயினர். எரிந்தது கீற்றுக்கூரை. அதைப் போட்டவர்களும், அதன் கீழே பள்ளி நடத்த விட்டவர்களும் பெரியவர்கள். குழந்தை அறிவோடு நடக்க வேண்டுமெனில், அறிவோடு கட்டிய கூரை அதன் தலைக்கு மேல் இருக்க வேண்டும்.

அறிவை ஆசிரியராக அமர்த்தினால் சம்பளம் தர வேண்டியிருக்கும் என்பதை மறைக்க விரும்பவில்லை. காரணம் கேட்டுப் பழகிய பிள்ளை நம்மையும் கேட்கும். ‘அப்பா, தலைக்கவசம் எங்கே? தெருவிலே ஏன் துப்பினீர்கள்? அந்த அம்மாவுக்கு மட்டும் ஏன் தனிக் குவளை?’ என்று கேட்கும். அப்போது ‘வாயை மூடு!’ என்று சீறினால், விரட்டிய பூச்சாண்டியை வாசல் வழியே மீண்டும் அழைத்தவர்களாவோம். விடை கூறுவோம், விடையில்லையெனில் நம் நடையை மாற்றுவோம்.

இளைஞர்களே, உங்கள் தெருப் பிள்ளைகளை மாலையிலே ஒரு மணி நேரம் கூட்டுங்கள். மஞ்சள் தூளும், ஒரு வாளித் தண்ணீரும், ஒரு சோப்பும் போதும். ஒரே வாளியில் அனைவரும் கை கழுவட்டும். ‘ஏன்?’ என்று ஒரு பிள்ளை கேட்டால் மகிழுங்கள், பாடம் தொடங்கிவிட்டது.