அடைத்து வைத்தோன் கடன்

டராண்டுலா எனப்படும் உரோமம் அடர்ந்த பெருஞ்சிலந்தியைக் கண்ணாடிப் பெட்டியில் வளர்ப்பது மேனாடுகளில் நெடுநாள் வழக்கம். நம் நாட்டு நகரங்களிலும் இன்று சிலர் இதில் இறங்கியுள்ளனர். பெட்டியின் அடியில் மண் பரப்புவர். சிலந்தி உண்டு எறிந்த மிச்சத்தின் மீதும் கழிவின் மீதும் பூஞ்சணம் பூக்கும். அதனைத் தின்று தீர்ப்பதற்கென ஸ்பிரிங்டெயில் என்னும் நுண்ணிய பிராணிகளை அம்மண்ணில் விடுகின்றனர். அவற்றுக்குத் 'துப்புரவுப் படை' என்று பெயரும் இட்டுள்ளனர். பஞ்சசீலம் ஏற்ற நாம் இதனை எவ்வாறு நோக்குவது? சிலந்தியைப் பற்றி எவரும் கேட்பர். இச்சிறு பிராணியைப் பற்றிக் கேட்பாரில்லை. ஆகவே அதனையே முதலில் எடுத்துக்கொள்கிறோம்.

ஸ்பிரிங்டெயில்களுள் பெரும்பாலானவை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளமே உள்ளவை. வயிற்றின் கீழ் மடித்து வைத்த கவைபோன்ற உறுப்பை விடுவித்துத் துள்ளுவதால் இப்பெயர் பெற்றன. ஸ்காட்லாந்தின் ரைனி என்னும் ஊரிற் கிடைத்த இவற்றின் கற்படிவம் ஏறத்தாழ 40 கோடி ஆண்டு பழமையுடையது. இத்தனை தொன்மையான இப்பிராணிக்கு வறட்சியைத் தாங்கும் வன்மை இல்லை. இவற்றுள் பெரும்பாலானவை தோலின் வழியே மூச்சு விடுவன; மண் உலர்ந்தால் விரைவில் மடியும். வறண்ட நிலத்துச் சிலந்திக்கோ உலர்ந்த மண்ணே வேண்டும். ஆதலின் அறிந்தோர் தண்ணீர்க் கிண்ணத்தைச் சூழ்ந்த ஒரு மூலையை மட்டும் ஈரமாக வைத்து, மரப்பட்டையும் இலைச்சருகும் இடுவர். தனியே மூடியிட்ட டப்பாவில் கரித்துண்டுகளும் சிறிது நீரும் இட்டு, நான்கு அரிசி தூவி, காற்றுப் புகச் சில நாளுக்கொருமுறை மூடியைத் திறந்து, வேறொரு கூட்டத்தையும் பேணுவர். பூச்சிமருந்து எவ்வகையாயினும் அண்டக்கூடாது.

இனி, ஒருவர் கவனக்குறைவால் அம்மூலையை உலரவிட்டார். ஆயிரம் உயிர் மடிந்தன. அவர் முதற் சீலத்தை மீறினாரா? உயிராயிருத்தல், உயிரென அறிதல், கொல்லும் எண்ணம், முயற்சி, சாவு ஆகிய ஐந்தும் கூடினாலன்றிக் கொலையாகாது என்பது உரையாசிரியர் கொள்கை. இங்கே எண்ணம் இல்லை. எனவே சீலம் முறிந்ததென நாம் கூறோம். ஆயினும் விஷயம் அங்கே முடிந்துவிடுகிறதா? பிக்குவின் எட்டுப் பொருள்களுள் நீர் வடிகட்டியும் ஒன்று. உயிருள்ள நீரென அறிந்தும் அதனைப் பயன்படுத்துதல் விநயத்திற் குற்றம். கண்ணுக்குப் புலப்படாத உயிரின் பொருட்டும் ஒரு கருவியைச் சுமக்கச் செய்த தம்மம், எண்ணமில்லை என்ற ஒன்றைக் கொண்டு நம்மை விட்டுவிடவில்லை.

காட்டில் மேல்மண் காய்ந்தால் ஸ்பிரிங்டெயில் அடிமண்ணுக்கு இறங்கும். பெட்டிக்குள் இறங்க எங்கே இடம்? அந்த வழியை அடைத்தவர் நாம். எனவே நாம் தெளிக்கும் நீர் தானமன்று, கடன். தானமென்று கருதுவோன் மனம் வந்தபோது தெளிப்பான். கடனென்று அறிந்தோன் ஊருக்குப் போகுமுன் ஆள் ஏற்பாடு செய்வான்.

சிலந்தியைப் பற்றி மறைக்காது சொல்லிவிடுவோம். உயிருள்ள வெட்டுக்கிளியை அதன் முன் விடும் கை நம்முடையது. அங்கே எண்ணமில்லை என்று சொல்ல வழியில்லை. இருபது ஆண்டுக்கு மேல் வாழும் பெண் சிலந்திகளும் உண்டு. புதிதாக வாங்காதிருப்பதே பௌத்தருக்கு நன்று. முன்பே வைத்திருப்போர் அதனைப் பட்டினியிடவோ அயல் நிலத்தில் விடவோ இயலாது, பேணியே ஆகவேண்டும். விற்பனையோ வேறு. உயிர்களை வாணிகம் செய்தல் உபாசகருக்கு விலக்கப்பட்ட ஐந்து வாணிகங்களுள் ஒன்று. ஆந்திரத்தின் குத்தி நகரில், இரயில்வே மரக்கிடங்கிற் கிடைத்ததைக் கொண்டு 1899-இல் போகாக் விவரித்த நீலச் சிலந்தியை எண்ணுக. நூறாண்டுக்குப் பின் 2001-இல் நந்தியால், கித்தலூர்ப் பக்கத்துக் காட்டில் மீண்டும் காணப்பட்ட அது, 2008-இல் அழிவின் விளிம்பிலுள்ளது எனப் பட்டியலிடப்பட்டது. அதன் பேரினம் முழுவதையும் 2019-இல் பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர நேர்ந்தது. நீல நிறத்தை விரும்பிய கண்களே இவ்வளவுக்கும் காரணத்திற் பாதி. மறு பாதி காடழிவு.

'துப்புரவுப் படை' என்ற பெயரைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். இயற்கையே சில உயிர்களை அழுக்கெடுக்கப் படைத்திருக்கிறது, மனிதரிலும் அப்படியே என்ற பேச்சை நம் முன்னோர் போதுமான அளவு கேட்டிருக்கின்றனர். இதற்கு விடை வாசெட்ட சுத்தத்தில் உள்ளது. புல், பூச்சி, எறும்பு, மீன், பறவை ஆகியவற்றில் பிறப்பால் வேறுபட்ட குறிகள் உண்டு. மனிதரில் அவ்வாறு இல்லை என்று வாசெட்டன், பாரத்துவாசன் என்னும் இரு பிராமண இளைஞர்க்குப் பகவர் எடுத்துரைத்தார். ஸ்பிரிங்டெயிலுக்குப் பூஞ்சணம் உணவு. அது துப்புரவு செய்வதாக அதற்குத் தெரியாது. வாடிய பூக்களை வாரி வாழ்ந்த சுனீதரைப் பகவர் சந்தித்தபோது, நன்றாக வாருகிறாய் என்று புகழவில்லை, சங்கத்தில் சேர்த்துக்கொண்டார். மலம் அள்ள மனிதரை அமர்த்துவதை 1993-இலும் 2013-இலும் சட்டம் தடுத்தது. அதன் பின்னரும் சாக்கடைக் குழியில் மனிதர் இறங்கி மாண்டனர். பூச்சிக்கு ஈரம் குறையாது பார்க்கும் கவனத்தை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க எவர்க்கும் உரிமையுண்டு.

சிலந்தி இறந்தபின் பலர் பெட்டி மண்ணை வெயிலிற் கொட்டிவிடுகின்றனர். படை கலைந்தது என்று எண்ணம் போலும். அம்மண்ணை ஒரு டப்பாவில் இட்டுச் சருகும் ஈரமும் காத்தால் ஸ்பிரிங்டெயில்கள் பெருகியே வாழும். உணவு குறைந்தால் அவற்றின் தொகை தானே சுருங்கும். வாரத்தில் இரண்டு நிமிட வேலை.