பாட்டுக்குக் கூலி

இணையப் பாட்டுச் சேவைகள் சங்கீதக்காரருக்குக் கொடுக்கும் பணம் போதுமா, போதாதா என்று எங்கும் தர்க்கம் நடக்கிறது. எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பதற்கு முன், எப்படி நிறுக்கிறார்கள் என்பதல்லவா கேட்கத்தக்கது?

சிம்பாங் பூலாய் வட்டாரத்தில் ரப்பர்த் தோட்டங்கள் இருந்த நாளில், பால் வெட்டினவள் தன் வாளி தராசில் ஏறும்போது பக்கத்தில் நின்றாள். கூலி சொற்பந்தான், ஆயினும் அவள் பால் அவள் பேரிலேயே எழுதப்பட்டது. இன்று செம்பனைக் கணக்கெழுதும் கிராணியாகிய நமக்கும் அந்த நியாயம் தெரியும்.

பாட்டுச் சேவையின் தராசோ வேறு. 2013 முதல் மலேசியாவில் நடந்துவரும் ஸ்பாட்டிஃபையில், ஒரு பாட்டுக்கு இவ்வளவு என்ற நிலையான விலை கிடையாது. சந்தாப் பணமெல்லாம் ஒரே அண்டாவில் ஊற்றப்படுகிறது. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, எவர் பாட்டு எத்தனை தடவை கேட்கப்பட்டதோ அந்த விகிதத்தில் உரிமைக்காரர்களுக்குப் பிரிக்கப்படுகிறது. ஆகவே, ஈப்போவிலுள்ள ஒரு தோழர் மாதமெல்லாம் உள்ளூர்த் தமிழ்ப் பாடகர் ஒருவரையே கேட்டாலும், அவர் சந்தாவின் பெரும்பகுதி அவர் ஒருநாளும் கேளாத பெரும்பேர்க்காரருக்கே போய்ச் சேரும். 2024 முதலோ, ஓராண்டில் ஆயிரம் தடவைக்குக் குறைவாகக் கேட்கப்பட்ட பாட்டின் ஒலிப்பதிவுக்குப் பங்கே இல்லை. அப்பணமும் மற்றவர் பங்கில் சேர்கிறது. சொற்பப் பால் கொண்டுவந்தவளின் கூலியை அதிகம் கொண்டுவந்தவளுக்குக் கொடு என்று ஒரு கங்காணி சொன்னால் ஒப்புவோமா?

"திருட்டுக் காசெட் காலத்தில் ஒரு காசும் வரவில்லையே, இப்பொழுது ஏதோ வருகிறதே" என்பர் சிலர். திருடனைக் காட்டிலும் மேல் என்பது நியாயத்துக்கு அத்தாட்சியாகுமா? "சில காசுகளை அனுப்பும் செலவே அதிகம்" என்பர் வேறு சிலர். அப்படியாயின், சேர்த்து வைத்துக் கொடுக்கலாமே, பிறருக்குக் கொடுப்பானேன்?

நிற்க, இது மாற்றவொண்ணாத விதியுமல்ல. 2021-இல் சவுண்ட்கிளவுட் என்னும் சேவை, கேட்பவர் பணம் அவர் கேட்ட பாடகருக்கே என்னும் முறையைச் சுயேச்சைப் பாடகர்களுக்கு ஏற்படுத்திற்று. அண்டாவிலிருந்து வரும் பங்கு பாடினவர் கைக்கு வருமுன் கம்பெனி கைக்குப் போவதும் சட்டத்தால் திருந்தக்கூடியதே. இந்தியாவில் 2012-இல் வந்த பதிப்புரிமைச் சட்டத் திருத்தம், சினிமாப் பாட்டை எழுதினவருக்கும் இசையமைத்தவருக்கும் உரிய ஊதியப் பங்கைப் பட முதலாளி எழுதி வாங்கிக்கொள்ள முடியாமற் செய்தது.

பாட்டுக்குக் கூலி குறைவாயிருக்கலாம். கேட்பவர் குறைந்தால் குறையத்தான் செய்யும். ஆனால் அவர் பேரில் வந்தது அவருக்கே சேரவேண்டும். அதை நிறுக்கும்போது அவரும் தராசருகே நிற்கவேண்டும். இதற்குக் குறைந்த எதையும் நியாயமென்று நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை.